பதற வேண்டாம்

"ஏண்டி, பணம் எடுத்தாச்சுன்னு ஒரு மெசேஜ் வந்திருக்கே, அதையும் நீதான் எழுதினியா?"

சித்தி போனில் கேட்டது இவ்வளவுதான். குரலில் பயம்கூட இல்லை. அக்கா மகளிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற உரிமைதான் இருந்தது. எழுத்துக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எந்தப் பணம் சித்தி?"

"நம்ம கணக்குல இருந்ததுதான். காலையில நீ அனுப்பினியே, கணக்குல புது போன் சேர்ந்திருக்கு, சரிபாருங்கன்னு? அதுல கேட்டதெல்லாம் போட்டுட்டேன். போட்டு முடிச்சுக் கையைக் கழுவிட்டு வர்றேன், இது வந்து நிக்குது. முழுசும் எடுத்தாச்சுங்குது. எடுத்து எங்கடி வெச்சிருக்கீங்க? பத்திரமாத்தானே இருக்கு?"

எழுத்துக்காரி நாற்காலியை விட்டு எழுந்தாள். கையில் இருந்த தேநீரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள்தான் அச்சுப்பொறியின் தலைமேல் கிடைத்தது.

"சித்தி, நான் சொல்றதை மட்டும் கேளு. கார்டை எடு. அதுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கு இப்பவே கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லு. மெசேஜில ஏதாவது நம்பர் இருந்தா அதுக்குக் கூப்பிடாதே. கார்டுல இருக்கிறது மட்டும்."

"ஏண்டி பதறுற? நீதானே பதற வேண்டாம்னு எழுதியிருக்கே?"

இந்த இடத்தில் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எழுத்துக்காரி என்றதும் கதை, கவிதை என்று போய்விடாதீர்கள். ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தில், நான்காவது மாடியில், வாடிக்கையாளர்களின் போனுக்குப் போகிற செய்திகளை எழுதுகிற வேலை. உங்கள் கணக்கில் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, ரகசிய எண் இது, யாரிடமும் சொல்லாதீர்கள். இதையெல்லாம் யாரோ ஒருத்தி உட்கார்ந்துதானே எழுத வேண்டும்? அந்த ஒருத்தி இவள். சொந்தபந்தத்தில் இவளுக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியதே சித்திதான். வங்கியிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், பால் பாக்கெட்டுக்குப் பணம் கழிந்த செய்தியாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரியிடம் போனை நீட்டி, "எங்க அக்கா பொண்ணு எழுதினது, எப்படி எழுதியிருக்கா பாரு" என்று பெருமை அடித்துக்கொள்வாள்.

இவளுக்கும் ஒரு பெருமை உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது, வங்கிச் செய்திகள் எல்லாமே ஆளை மிரட்டுகிற மாதிரி இருந்தன. படிக்கிறவனுக்கு நெஞ்சு படபடக்கும். இவள்தான் பாதுகாப்பு சம்பந்தமான செய்தி எதுவானாலும் முதலில் இரண்டு வார்த்தை சேர்த்தாள். பதற வேண்டாம். அதற்கப்புறம்தான் விஷயம். அலுவலகத்தில் அதற்காகக் கைதட்டி ஒரு கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். அது அவள் மேஜையில் பேனா நிற்கிற இடமாக இருக்கிறது.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

சித்தி வீடு பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், மூன்றாவது மாடி. இரண்டே அறை. வாசல் மணியை அழுத்தினால் உள்ளே சத்தம் கேட்காது, ஒரு மஞ்சள் விளக்கு எரியும். சித்தப்பாவுக்காக வைத்தது. முப்பத்தெட்டு வருஷம் தகடு வெட்டுகிற பட்டறையில் நின்றவர். பட்டறை அவருக்கு மாதச் சம்பளமும் கொடுத்தது, இரண்டு காதையும் எடுத்துக்கொண்டது. மிச்சம் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்ததும் மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டது. அவர் பேசினால் எதிர் வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அடுத்தவர் பேசினால் அவருக்கு வாய் அசைவதுதான் தெரியும்.

அதனால் அந்த வீட்டில் பேச்சு என்றாலே குறுஞ்செய்திதான். சமையலறைக்கும் கூடத்துக்கும் பத்தடி தூரம். "குளிச்சாச்சா" என்று இங்கிருந்து போகும். "எப்பவோ" என்று அங்கிருந்து வரும். சண்டையும் அதில்தான். "இனிமே உங்களோட பேச்சே கிடையாது" என்று சித்தி பாத்திரம் விளக்கிக்கொண்டே ஈரக் கையோடு அனுப்புவாள். "சரி, சாப்பாடு எப்போ" என்று அவர் பதில் அனுப்புவார். போன் நடுங்கினால் அந்த வீட்டில் யாரோ நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். கூப்பிட்டால் நம்பிப் போக வேண்டியதுதானே?

போன பணம் காதுக்கான பணம். சித்தி ஒரு மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற பிரிவில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க நின்றபடி மடிக்க வேண்டும். மூன்று வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, சித்தப்பாவின் இரண்டு காதுக்கும் கருவி வாங்குகிற அளவுக்கு ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காதை அளவெடுக்க நாள் குறித்திருந்தார்கள். இது நடந்தது செவ்வாய்க்கிழமை.

எழுத்துக்காரி போனபோது கணக்கை முடக்கியிருந்தார்கள். முடக்கி என்ன செய்ய? உள்ளே இருந்தது எல்லாம் போய்விட்டது. சித்தி இன்னும் அழவில்லை. சித்தப்பாதான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"என்னவாம்? எங்க போச்சாம்?" அவர் கேட்டது பணிமனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் வந்தது கோபமோ அழுகையோ இல்லை. குமட்டல். சாப்பிடுகிற தட்டில் எவனோ துப்பி வைத்த மாதிரி.

"பதற வேண்டாம். உங்கள் கணக்கில் புதிய கைபேசி ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. அது உங்களுடையது இல்லை என்றால் கீழே உள்ள இணைப்பில் சென்று சரிபார்க்கவும். உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது."

அவள் வார்த்தைகள். அவள் எழுதிய வரிசை. அவள் கொடுத்த ஆறுதல். எவனோ ஒரு நாதாரி அவள் நாலு வருஷ எழுத்தை உட்கார்ந்து படித்திருக்கிறான், ருசித்திருக்கிறான், எந்த இரண்டு சொல்லைப் பார்த்தால் சித்தி மாதிரி ஒருத்தி மூச்சு விட்டு நிதானமாவாள் என்று கண்டுபிடித்திருக்கிறான். திருடர்கள் மிரட்டுவார்கள், அவசரப்படுத்துவார்கள் என்று அவளே எச்சரிக்கைச் செய்தி எழுதியிருக்கிறாள். இவன் மிரட்டவே இல்லையே! தடவிக் கொடுத்தல்லவா எடுத்திருக்கிறான்! சீ!

"சித்தி, இது நாங்க அனுப்பினது இல்ல."

"போடி. மேலே பாரு. உங்க பேங்க் பேருலதான் வந்திருக்கு. போன மாசச் சம்பளம் வந்த மெசேஜுக்கு நேர் கீழேதானே இருக்கு?"

அதுதான் அந்தத் தொழிலின் அசிங்கம். அனுப்புகிறவர் பெயர் என்று நாம் போனில் பார்க்கிறோமே, அதைத் திருடனும் போட்டுக்கொள்ளலாம். பெயர் ஒன்றாக இருந்தால் போன் பாவம், இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்து ஒரே வரிசையில் அடுக்கிவிடும். வங்கி அனுப்பிய உண்மையான செய்திக்குக் கீழே திருடனுடையதும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதை எழுத்துக்காரி விளக்கிச் சொன்னாள். சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"சரி, அழுத்தினப்புறம் என்ன வந்துச்சு?"

"உங்க பேங்க் பக்கம்தான். அதே நீலம், அதே சின்னம். பேரும் பாஸ்வேர்டும் கேட்டுச்சு. போட்டேன். உடனே உங்ககிட்டருந்து ஆறு நம்பர் வந்துச்சு. அதைப் போட்டேன். இன்னொரு ஆறு நம்பர் வந்துச்சு. அதையும் போட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அதுல எழுதியிருந்துச்சே சித்தி!"

சித்திக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "சொல்லலையேடி! ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்க சித்தப்பா பக்கத்துல வந்து எட்டிப் பார்த்தாரு. அவருகிட்டகூடக் காட்டாம போனைத் திருப்பிக்கிட்டேன். நீ சொன்னபடிதானே செஞ்சேன்?"

இவள் அந்த இணைப்பின் முகவரியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் வங்கியின் பக்கமே இல்லை. முகவரியில் வங்கிப் பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு, அதற்குப் பின்னால் பாதுகாப்பு என்று ஒரு சொல், அவ்வளவுதான் வித்தியாசம். சித்தி இங்கே போடப் போட, எவனோ அங்கே உட்கார்ந்து அதையே எடுத்து உண்மையான வங்கியில் போட்டிருக்கிறான். அவன் போட்டதற்குத்தான் வங்கி சித்திக்கு எண் அனுப்பியது. முதல் எண், பணம் வாங்க ஒரு புதிய ஆளைச் சேர்ப்பதற்கு. இரண்டாவது எண், அவனுக்குப் பணம் போவதற்கு. இரண்டிலும் எதற்கான எண் என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் கடைசி வரியில். ஜனங்களுக்கு எண்தான் முதலில் வேண்டும், மிச்சத்தைக் கீழே தள்ளு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தள்ளியவள் இவள்.

போனை மேலே நகர்த்தினாள். போன மாதம் அவள் எழுதிய எச்சரிக்கை இருந்தது. "வங்கி ஒருபோதும் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பாது." அதற்குக் கீழே மூன்று வாரத்துக்கு முந்தைய செய்தி ஒன்று. அதுவும் அவள் எழுதியது. வங்கியே அனுப்பியது. "உங்கள் விவரங்களைப் புதுப்பிக்க இன்றே கடைசி நாள். தவறினால் சேவை நிறுத்தப்படும். இங்கே அழுத்தவும்." அதன் கீழே ஒரு இணைப்பு.

சித்தியும் எட்டிப் பார்த்தாள். "அதையும் நான் அழுத்தி எல்லாம் போட்டேன். ஒண்ணும் ஆகலையே. நல்லபடியா முடிஞ்சதுன்னு நன்றிகூட வந்துச்சே" என்றாள்.

எழுத்துக்காரிக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அந்த இணைப்பின் கதை இதுதான். அவளுக்கு மேலே ஒரு மேலாளர். மாடி முழுக்க அவருக்குப் பெயர் க்ளிக் சார். எத்தனை பேர் அழுத்தினார்கள், எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று காலையில் வந்ததும் அதைத்தான் கேட்பார், போகும்போதும் அதைத்தான் கேட்பார். விவரம் புதுப்பிக்கிற வேலையை விளம்பரக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கொடுத்த இணைப்பில் வங்கிப் பெயரே கிடையாது, நாலு எழுத்தும் மூன்று எண்ணும் கலந்து கொத்தாக இருக்கும். இவள் அன்றைக்கே கேட்டாள். "சார், போன மாசம்தானே லிங்க் அனுப்ப மாட்டோம்னு எழுதினோம்?"

"அது எச்சரிக்கைம்மா. இது சேவை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. இன்றே கடைசி நாள்னு சேர்த்துக்கோ, அப்பதான் அழுத்துவாங்க."

சேர்த்தாள். அதுதான் சங்கதி. வாய் கிழியக் கேட்டுவிட்டு, அப்புறம் வாலைச் சுருட்டிக்கொண்டு சேர்த்தாள்.

மறுநாள் அவள் க்ளிக் சார் மேஜை முன்னால் போய் நின்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அதற்கு அவருக்குப் பயிற்சி உண்டு.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அவங்களே நம்பரைக் கொடுத்திருக்காங்களே. நாம என்ன பண்றது?"

"அவங்களை லிங்க் அழுத்தப் பழக்கினதே நாமதானே சார்?"

"சும்மா இரு. கவனமா பார்க்கிறவங்களுக்கு நம்ம மெசேஜ் எது, திருட்டு மெசேஜ் எதுன்னு தெரியாதா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேலையைப் பாரு."

சித்தி வங்கியில் கொடுத்த புகார் வழக்கமான வழியில் போனது. பத்து நாளில் வழக்கமான கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை எப்போதோ தாண்டிவிட்டது, காதை அளவெடுக்கிற இடத்தில் சித்தி போனில் மன்னிப்புக் கேட்டாள். எழுத்துக்காரி போயிருந்தபோது சித்தி அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

"தங்களுக்கு ஏற்பட்ட இழப்பை எண்ணி நாங்களும் வருந்துகிறோம். எனினும் ரகசிய எண்ணைத் தாங்களே பகிர்ந்துகொண்டதால், இத்தொகைக்கு வங்கி பொறுப்பேற்க இயலாது என்பதைக் கனத்த மனதுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தாள். விரிப்பு மடிக்கிற கை, ஓரம் ஓரமாகச் சேர்ந்தது.

"இதையும் நீதான் எழுதினியாடி?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. எந்த முகமும் தெரியாமல், ஒரு மத்தியானம், இருபது நிமிஷத்தில். கனத்த மனது என்பது அவள் தேடிப் பிடித்துப் போட்ட சொல். எழுத்துக்காரி தலையை மட்டும் ஆட்டினாள். சித்தி ஒன்றும் திட்டவில்லை. ஒரு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அந்த வாரமே இன்னொரு கூத்து நடந்தது. சித்தியின் போனுக்கு மறுபடியும் ஒரு செய்தி. "மோசடியில் பணம் இழந்தீர்களா? நாங்கள் மீட்டுத் தருகிறோம். ஒரு சிறிய கட்டணம் செலுத்தினால் போதும்." அதே கும்பலோ, அவர்கள் பெயர்ப்பட்டியலை விலைக்கு வாங்கிய வேறு கும்பலோ. ஒருமுறை ஏமாந்தவளிடம் இன்னும் ஒரு சொட்டு பாக்கி இருக்குமா என்று திரும்பி வந்து பிழிந்து பார்க்கிறார்கள். த்தூ, மனிதப் பிறவிகளா இவர்கள்? இந்தத் தடவை சித்தி எதையும் அழுத்தவில்லை. இவளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்.

"இதுக்கும் பதற வேண்டாமா?" என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் எழுத்துக்காரி முடிவு செய்தாள். வங்கிகளின் மீதான புகார்களை விசாரிக்க நகரத்தில் ஒரு அரசு அலுவலகம் இருக்கிறது. அங்கே மனு போட்டாள். சித்தி பெயரில் மனு, சாட்சி என்கிற இடத்தில் தன் பெயர். எங்கே வேலை என்கிற இடத்தில் அதே வங்கியின் பெயரை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. வேலை போனால் போகட்டும் என்று தைரியமாக நினைத்தாள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பயந்து செத்தாள். ஆனால் இத்தனை நாள் தொண்டையிலேயே நின்ற குமட்டல், அதை எழுதியபோதுதான் கொஞ்சம் இறங்கியது.

விசாரணைக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பச்சைத் திரை போட்ட ஒரு சின்ன அறை, நீள மேஜை, ஆடுகிற நாற்காலிகள். விசாரிக்கிற அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கயிறு கட்டிய கண்ணாடி, கையில் கைக்குட்டை, சளி பிடித்த மூக்கு. ஒரு பக்கம் சித்தியும் சித்தப்பாவும் எழுத்துக்காரியும். எதிர்ப்பக்கம் வங்கி சார்பில் க்ளிக் சார். அவர் இவளைப் பார்த்த பார்வையில் பாலை வைத்திருந்தால் திரிந்திருக்கும்.

அவர் நன்றாகப் பேசினார். அதை மறுக்க முடியாது. வங்கி வருஷத்துக்கு எத்தனை எச்சரிக்கை அனுப்புகிறது, வாடிக்கையாளரின் கடமை என்ன, ரகசிய எண் என்றால் என்ன. கடைசியில் மேஜையில் விரலால் தட்டிச் சொன்னார்.

"மேடம், கொஞ்சம் கவனமா பார்த்திருந்தா போதும். எங்க மெசேஜையும் திருட்டு மெசேஜையும் யார் வேணும்னாலும் பிரிச்சுச் சொல்லிடலாம்."

அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்காரியைப் பார்த்தார். "நீங்க ஏதோ பேப்பர் கொடுத்திருக்கீங்களே?"

மனுவோடு அவள் ஒரு தாள் இணைத்திருந்தாள். இரண்டு செய்திகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. தேதி இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை, வெறும் வாசகமும் இணைப்பும் மட்டும். எது எவருடையது என்பது இன்னொரு தாளில், மூடிய உறையில், அம்மாளின் கோப்பில் இருந்தது.

அம்மாள் அந்தத் தாளை மேஜையின் குறுக்கே தள்ளினார். "யார் வேணும்னாலும் சொல்லலாம்னீங்க. நீங்களே சொல்லுங்க. இதுல திருடன் அனுப்பினது எது?"

க்ளிக் சார் சிரித்தார். தாளை எடுத்தார். மேலே ஒன்று, "பதற வேண்டாம்" என்று நிதானமாக ஆரம்பித்தது. கீழே ஒன்று, கடைசி நாள், சேவை நிறுத்தம், கொத்தாக ஒரு முகவரி. அவர் அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கீழே இருந்ததில் விரலை வைத்தார்.

"இதுதான் மேடம். பார்த்தாலே தெரியுதே. இன்றே கடைசி நாள்னு அவசரப்படுத்துறான். சேவை நிறுத்தப்படும்னு மிரட்டுறான். லிங்க்ல பேங்க் பேரே இல்ல, கண்டபடி எழுத்தும் நம்பரும். அப்பட்டமான திருட்டு. இதைப் போய் ஒருத்தர் நம்புவாங்களா? மேலே இருக்கிறதைப் பாருங்க, எவ்வளவு மரியாதையா, பொறுப்பா இருக்கு. இது எங்க ஸ்டைல்."

அம்மாள் உறையைப் பிரித்தார், படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்றீங்களாம்மா, நான் சொல்லட்டுமா?"

எழுத்துக்காரியே சொன்னாள்.

"அது நாம அனுப்பினது சார். மூணு மாசத்துக்கு முன்னாடி. நான்தான் எழுதினேன். இன்றே கடைசி நாள்னு சேர்க்கச் சொன்னது நீங்க. மேலே இருக்கிறதுதான் திருடன் எழுதினது."

க்ளிக் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெற்றுத் தாள்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சித்தப்பா அந்த வாயையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், ஏதோ பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு.

அம்மாள் அதிகம் பேசவில்லை. வங்கியின் மேலாளருக்கே தெரியாத வித்தியாசம் விரிப்பு மடிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றார். முழுத் தொகையையும் பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். குத்தின கையோடு ஒரு தும்மல்.

எழுத்துக்காரிக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. தாளில் திருடனுடையதைக் காட்டி எவ்வளவு மரியாதை, எவ்வளவு பொறுப்பு என்று அந்த மனுஷன் மெச்சினாரே, அது காதிலேயே நின்றது. அவளுடைய நல்ல வரி திருடனிடம் இருக்கிறது. திருடனுடைய வரியை அவள் எழுதியிருக்கிறாள். அந்தக் கண்ணாடிக் கேடயத்தை எந்தக் குப்பையில் போடுவது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தாள். திங்கட்கிழமை போனால் மேஜை இருக்குமா என்பது அப்புறம் இருக்கட்டும். இருந்தாலும் அந்த இரண்டு சொல்லை அவள் இனிமேல் எழுதப்போவதில்லை.

வெளியே நடைவழியில் ஒரு பெஞ்சு. சித்தப்பாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பணம் போனதிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சித்தப்பாவுக்கு உள்ளே நடந்தது ஒன்றுமே தெரியாது. சிரிக்கிறார்களா, அழுகிறார்களா, ஜெயித்ததா, தோற்றதா?

"என்னதான் சொன்னாங்க?" என்றார். நடைவழியில் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தி பழக்கத்தில் போனை எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள். "முழுப் பணமும் திரும்பி வருது. காதுக்கு மறுபடியும் நாள் குறிச்சிடலாம்."

அவர் சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்தார், தூரத்தில் வைத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் முகம் மலரும் என்று எழுத்துக்காரி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலரவில்லை. அவர் அனுப்பியவர் பெயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த சித்தியின் பக்கம் திரும்பினார். இன்னும் அவள் கையில் இருந்த போனைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளில் சத்தம் குறைத்துப் பேசத் தெரியாத மனுஷன், அடுத்தவருக்குக் கேட்டுவிடுமோ என்கிற மாதிரி, அவள் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"இது நீதானே அனுப்பின?"